சேர்த்து வைத்தவர்களையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களை வாசிப்பது பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். டோனி மாரிசன், ஜேம்ஸ் பால்ட்வின், சினுவா அச்செபே என்று பலரையும் நிதானமாக அறிமுகப்படுத்திய கட்டுரையாளர், கடைசிப் பத்தியில் மட்டும், படிக்காத நூல்களை வாங்கி அடுக்கி வைப்பது வெறும் ஆடம்பரம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். மற்ற இலக்கியங்களுக்கு அது பொருந்துமோ என்னவோ, இந்த இலக்கியத்துக்குப் பொருந்தாது. இன்று நாம் படிக்கும் பழைய கறுப்பின நூல்களில் பல, படிக்க ஆளில்லாத காலத்தில் யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்தியதால் எஞ்சியவை. எழுதியவர்களைச் சொன்ன கட்டுரை, சேர்த்தவர்களில் ஒருவரைக்கூடச் சொல்லவில்லை.

முதலில் நினைவுக்கு வருபவர் ஆர்ட்டுரோ ஷாம்பர்க். 1874இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். கறுப்பர்களுக்கு வரலாறு என்று ஒன்று கிடையாது என்று பள்ளியில் ஓர் ஆசிரியர் சொன்னதே அவரைத் தேட வைத்தது என்று சொல்லப்படுகிறது. 1891இல் நியூயார்க்கிற்கு வந்து, பின்னர் ஒரு வங்கியின் தபால் பிரிவில் வேலை பார்த்த அவர், சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பழைய புத்தகக் கடைகளில் நூல்களையும் துண்டு வெளியீடுகளையும் வாங்கினார். வெளிநாடு செல்லும் நண்பர்களிடம் தேட வேண்டியவற்றைச் சொல்லி அனுப்பினார். 1926இல் கார்னகி நிறுவனம் அந்தச் சேகரிப்பைப் பத்தாயிரம் டாலருக்கு வாங்கி, நியூயார்க் பொது நூலகத்துக்கு, கறுப்பர்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் இருந்த கிளைக்கு அளித்தபோது, அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஏராளமான கையெழுத்துப் படிகளும் ஓவிய அச்சுகளும் இருந்தன. கையில் வந்த பணத்தோடு அவர் போன இடம் ஸ்பெயின். அங்கும் ஆவணக் காப்பகங்களில் கறுப்பர்களின் தடங்களைத் தேடிக்கொண்டிருந்தார் மனிதர்.

இந்த வகை நூல்களில் முதற்பதிப்பு ஏன் முக்கியம் என்பதற்கு ஃபிலிஸ் வீட்லியின் கவிதைத் தொகுப்பு ஒன்றே போதும். பாஸ்டனில் அடிமையாக இருந்த அந்த இளம்பெண்ணின் நூலுக்கு அவ்வூரில் போதிய முன்பதிவு கிடைக்காமல், 1773இல் அது லண்டனில் அச்சானது. அதன் முற்பக்கங்களில், இந்தக் கவிதைகளை இந்தப் பெண்தான் எழுதினாள் என்று சான்றளித்து, ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன், ஜான் ஹான்காக் உள்ளிட்ட பதினெட்டுப் பெரிய மனிதர்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். கவிதைகளை மட்டும் எடுத்துப் போடும் இன்றைய தொகைநூல்களில் அந்தப் பக்கம் விடுபட்டுப் போகிறது. ஒரு கறுப்பினப் பெண் கவிதை எழுதினாள் என்று நம்புவதற்கு அன்று எத்தனை சாட்சிகள் தேவைப்பட்டன என்ற செய்தியும் அதோடு போய்விடுகிறது.

நூலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால், எனக்கு ஷாம்பர்க்கைவிட ஒரு படி மேலாகத் தோன்றுபவர் டோரதி போர்ட்டர். வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு ஜெஸ்ஸி மூர்லாண்ட் என்ற பாதிரியார் 1914இல் கொடுத்த நூல்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு 1930இல் இவரிடம் வந்தது. 1973இல் ஓய்வுபெறும்வரை அதிலேயே இருந்தார். நிதி ஒதுக்கீடு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. பதிப்பாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் கடிதம் எழுதி நன்கொடையாகக் கேட்டார். பல ஆண்டுகளாகக் கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களைத் தேடிச் சேர்த்துவந்த ஆர்தர் ஸ்பிங்கார்ன் என்ற வெள்ளையின வழக்கறிஞரின் சேகரிப்பு 1946இல் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்ததும் இவர் காலத்தில்தான்.

ஆனால் வாங்கிக் குவித்ததைவிட இவர் செய்த பெரிய காரியம் வேறு. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்க அன்று நூலகங்கள் பின்பற்றிய டியூயி பகுப்பு முறையில், கறுப்பர்கள் எழுதிய எதுவாக இருந்தாலும், அடிமை முறைக்குரிய 326, குடியேற்றத்துக்குரிய 325 ஆகிய இரண்டு எண்களில் ஒன்றில் தள்ளிவிடும் பழக்கம் இருந்தது. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதை நூல்கூட 325இல் போய் உட்கார்ந்திருந்தது. அமெரிக்கக் கவிதைக்கு 811 என்று தனி எண் இருக்கிறது. அந்த அலமாரியில் தேடி வந்த வாசகருக்கு ஜான்சன் என்றொரு கவிஞர் இருப்பதே தெரிய வழியில்லை. போர்ட்டர் அந்த ஏற்பாட்டை ஒதுக்கிவிட்டு, கவிதையைக் கவிதையிலும் இசையை இசையிலும் மருத்துவத்தை மருத்துவத்திலும் வைத்தார். பகுப்பெண் எழுதிப் பழகிய கைகளுக்குத்தான் தெரியும், ஒரு தவறான எண் ஒரு நூலை எரிப்பதற்குச் சமம் என்று.

இனி, படிக்காமல் வைத்திருப்பது வீண் என்ற வாதத்துக்கு வருகிறேன். 1948இல் போர்ட்டர் நியூயார்க்கைச் சேர்ந்த பழைய நூல் வணிகர் ஒருவரிடமிருந்து எண்பத்தைந்து டாலருக்கு ஒரு கையெழுத்துப் படியை வாங்கினார். ஹன்னா கிராஃப்ட்ஸ் என்ற பெயரில், தப்பியோடிய ஓர் அடிமைப் பெண் தன் கதையைச் சொல்வதாக எழுதப்பட்ட நாவல் அது. கறுப்பினப் பாத்திரங்களை முதலில் மனிதர்களாகவே அறிமுகப்படுத்தும் விதத்தை வைத்து, இதை எழுதியவர் கறுப்பினப் பெண்தான் என்று போர்ட்டர் முடிவுக்கு வந்தார். ஆயினும் அது அச்சேறவில்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், அவர் மறையும்வரை, அவரிடமே இருந்தது. அவர் மறைந்த பிறகு 2001இல் ஏலத்துக்கு வந்தபோது ஹென்றி லூயி கேட்ஸ் என்ற பேராசிரியர் வாங்கினார். தாளையும் மையையும் ஆராய்ந்த நிபுணர், அது 1850களைச் சேர்ந்தது என்றார். திருத்த வேண்டிய இடங்களில் எழுதியவர் துண்டுத்தாள் ஒட்டி, தையற்காரர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் உறையால் அழுத்தியிருந்தார். அந்தப் பதிவுகள் தாளில் அப்படியே தெரிந்தன. 2002இல் நூலாக வெளிவந்து பரவலாக விற்றது. 2013இல் ஆய்வாளர் கிரெக் ஹெசிமோவிச், எழுதியவர் வட கரோலினாவில் ஜான் ஹில் வீலர் என்பவரின் வீட்டில் அடிமையாக இருந்து, ஆண் வேடத்தில் தப்பிய ஹன்னா பாண்ட் என்று சான்றுகளோடு அறிவித்தார். வாங்கியவரின் ஆயுட்காலத்தில் வாசகர்களைச் சென்றடையாத இந்த நூலைக் கட்டுரையாளர் எந்தக் கணக்கில் சேர்ப்பார்? ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்று நம் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் சென்னையிலிருந்து எழுதியபோது, அந்த வாசகர் இன்றே வந்தாக வேண்டும் என்று கெடு வைக்கவில்லை.

சேர்த்து வைக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கறுப்பின நாவலாசிரியர் சோரா நீல் ஹர்ஸ்டன் உதாரணம். 1960இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் வறுமையில் இறந்த அவருடைய தாள்களை, வீட்டைச் சுத்தம் செய்தவர் முற்றத்தில் போட்டுக் கொளுத்திவிட்டார். அவ்வழியே வந்த பாட்ரிக் டுவால் என்ற காவல் அதிகாரி, ஹர்ஸ்டனை அறிந்தவர், தண்ணீர் பாய்ச்சி நெருப்பை அணைத்தார். ஓரங்கள் கருகிய அந்தத் தாள்கள் இன்று ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1937இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நாவலும் பல ஆண்டுகள் கடைகளில் கிடைக்காமல் இருந்து, எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் போன்றோரின் முயற்சிக்குப் பிறகு 1978இல்தான் இல்லினாய் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாகப் பரவலாகத் திரும்பி வந்தது.

கட்டுரையாளரின் எரிச்சலில் நியாயம் இல்லாமலும் இல்லை. கையெழுத்திட்ட முதற்பதிப்புகளை விலை ஏறட்டும் என்று பெட்டியில் பூட்டி வைப்பவர்களும், 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் அமெரிக்கக் காவலரால் கொல்லப்பட்டபோது அவசரமாகப் பத்து நூல்களை வாங்கிவிட்டு மறந்தவர்களும் உண்டு. அவர்களையும் போர்ட்டரையும் ஒரே வாக்கியத்தில் அடக்க முடியாது என்பதே என் வாதம். ஹார்லெமில் 1974வரை புத்தகக் கடை நடத்திய லூயிஸ் மிஷோ, வாங்கக் காசில்லாதவர்களைக் கடையிலேயே உட்கார்ந்து படிக்கவிட்டவர். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் அங்கு வழக்கமாக வந்தவர்களில் ஒருவர். சேகரிப்பும் வாசிப்பும் அங்கே எதிரெதிராக நிற்கவில்லை.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த முறை இப்படியொரு பட்டியல் வெளியிடும்போது பதிப்பாளர் பெயரையும் பதிப்பாண்டையும் சேர்த்துப் போடுங்கள். எந்தப் பதிப்பில் முன்னுரையும் பின்னிணைப்பும் உள்ளன என்று தெரியாமல் வாங்கி ஏமாறுபவர்கள் பலர். இறக்குமதி விலை கொடுத்து வாங்க இயலாத மாணவர்களுக்காக, வட கரோலினா பல்கலைக்கழகம் அமெரிக்க அடிமைகளின் தன்வரலாறுகளையும், ஹார்லெமில் உள்ள ஷாம்பர்க் மையம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கறுப்பினப் பெண் எழுத்தாளர்களின் நூல்களையும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கத் தந்திருக்கும் செய்தியையும் பட்டியலுக்குக் கீழே ஒரு கட்டமாகப் போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
தஞ்சாவூர்.