மேலே ஒன்று, கீழே ஒன்று

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். கார்த்திகைக்கு வருவாய் என்று பொரி உருண்டை பிடித்து வைத்திருந்தேன். பரவாயில்லை, வேலை இருந்திருக்கும்.

போன மாதம் "தலை வலிக்குதும்மா, அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்தவன்தான். மருமகள் அவள் அம்மா வீட்டிலிருந்து வந்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. தலைவலி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

பிரஷர் பார்த்தாயா? கடையில் கேட்டு வாங்கிக் கண்ட வலி மாத்திரையையும் விழுங்காதே. அதில் சிலது பிரஷரையே ஏற்றிவிடுமாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவருகிற பெண் சொன்னாள். தீபாவளிக்கு நீ அனுப்பிய மெஷினுக்காக நம் தெருவே திண்ணையில் வந்து கை நீட்டுகிறது. "மகன் வாங்கித் தந்தது" என்று ஆளாளுக்குச் சொல்கிறேன். வாங்கித் தந்தவனுக்குத்தான் ஒரு தடவை கை நீட்ட நேரமில்லை.

மாடி ஏறிப் போன கையோடு பார்க்காதே. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார், காலைத் தரையில் வை, பேசாதே. 180க்கு 120 காட்டி, தலையும் வலித்து, கண்ணும் மங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. வலி விட்டுவிட்டது, பிரஷரும் போய்விட்டது என்று மட்டும் இருந்துவிடாதே.

சித்திரையில் எனக்கு 190க்கு 110 வந்ததை உன்னிடம் சொன்னேன். ஏன் வந்தது என்று சொல்லவில்லை. அன்றைக்கு எனக்குத் தலை துளிகூட வலிக்கவில்லை, மாவாட்டிக்கொண்டிருந்தேன். தலை வலிக்கிற நாளில் மட்டும்தான் மாத்திரை போட்டு வந்தேன். மிச்சமெல்லாம் சீரக டப்பாவில் கிடந்தது. அந்தப் பெண் கொட்டி எண்ணினாள், 43.

அப்பாவுக்கும் இதே கணக்கைத்தான் சொல்லிக் கொடுத்தேன். "தலைதான் வலிக்கலையே, எதுக்குடி மாத்திரை?" என்றார். "வலிச்சா போடுங்க" என்றது நான்தான். வாய் கோணிய அன்று காலையில்கூட அவருக்குத் தலைவலி இல்லை. விதி என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது தவறாமல் போடுகிறேன். நேற்று 138க்கு 86.

நீயும் பார், தம்பி. சரியாக இருந்தால் தலைவலிக்குக் காரணம் வேறு ஏதோ இருக்கும். அதை நான் கேட்க மாட்டேன். பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம். மேலே ஒன்று, கீழே ஒன்று, அந்த இரண்டு எண்ணை மட்டும் அனுப்பு.

அம்மா