கரையும் என்பதற்காக உள்ளே விட்டுவிடலாமா?

ஆசிரியருக்கு,

எலும்பு அறுவையில் ரத்தக்கசிவை நிறுத்தும் தாவரப் பொருள்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ‘தானே கரைந்துவிடும், உள்ளேயே விட்டுவிடலாம்’ என்கிறது. அந்த ஒரு வரியைத் திருத்தியே ஆக வேண்டும்.

அறுத்த எலும்பில் நுண்துளைகள் வழியே ரத்தம் ஊறிக்கொண்டே இருக்கும். அங்குள்ள ரத்தக்குழாய்கள் கெட்டியான எலும்புச் சுவரோடு ஒட்டியிருப்பதால் சுருங்காது. நூலால் கட்டவும் முடியாது, சுட்டாலும் சரியாக நிற்காது. அதனால்தான் 1892-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி, தேன்மெழுகு 7 பங்கு, வாதுமை எண்ணெய் 1 பங்கு, சாலிசிலிக் அமிலம் 1 சதவீதம் கலந்த மெழுகை எழுதிவைத்தார். மெழுகு கசிவை உடனே அடைக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் கரையாது, எலும்பு கூடுவதைத் தடுக்கும், கிருமிக்கும் இடம் கொடுக்கும்.

உருளைக்கிழங்கு மாவுச்சத்துப் பொடி வேறு விதம். ரத்தத்திலுள்ள நீரை உறிஞ்சி, தட்டணுக்களையும் உறைபுரதங்களையும் நெருக்கி உறையவைக்கும். ஓரிரு நாளில், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். போடும் முறையில்தான் தவறு நடக்கிறது. தேங்கிய ரத்தத்தின் மேல் தூவினால் மேலே ஏடு படியும், அடியில் கசிவு நிற்காது. காஸ் துணியால் ஒற்றியெடுத்த கையோடு, ரத்தம் வரும் வாயிலேயே பொடி விழ வேண்டும். பிறகு ஓரிரு நிமிடம் அழுத்தம். துணி ஒட்டிக்கொண்டால் சலைன் (உப்புநீர்) விட்டு நனைத்து எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் உறைந்ததும் கூடவே பெயர்ந்து வரும். மிச்சப் பொடியைக் கழுவிவிட வேண்டும். மூட்டு மாற்று அறுவையில் இப்படிக் கழுவாமல் விடவே கூடாது: பொடி தங்கிய இடத்தில், செயற்கை மூட்டைப் பதிக்கும் சிமென்ட் எலும்பைச் சரியாகப் பிடிக்காமல் போகலாம். சர்க்கரை நோயாளிக்கு 50 கிராமைத் தாண்ட வேண்டாம். மாவு குளுக்கோஸாகத்தானே மாறும்.

மரக்கூழிலிருந்து வரும் ஆக்சிஜனேற்றிய செல்லுலோஸ் துணியை உலர்ந்தபடியே வைக்க வேண்டும். அது அமிலத்தன்மை கொண்டது; அதன்மேல் ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் என்ற நொதியை ஊற்றுவது வீண், அமிலத்தில் அந்த நொதி செத்துவிடும். முதுகெலும்பில்தான் இதற்கு அதிக எச்சரிக்கை தேவை. மெல்லிய துண்டு கரையவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதற்குள் ரத்தத்தில் ஊறி உப்பிவிடும். தண்டுவடத்தையோ நரம்பு வெளிவரும் துளையையோ ஒட்டி விட்டுவைத்த துண்டு, நரம்பை நெரித்துக் கால்கள் செயலிழந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. கசிவு நின்றதும் அங்கிருந்து அதை எடுத்தே தீர வேண்டும்.

மற்ற இடத்தில் விட்டுவைத்தால், எந்தப் பொருள், எவ்வளவு, எங்கே என்று அறுவைக் குறிப்பில் எழுதுங்கள். மிச்சத் துண்டு ஸ்கேனில் சீழ்க்கட்டிபோலத் தெரியும். குறிப்பில் அது இல்லையென்றால், நோயாளியை மறுபடியும் அறுவை மேசையில் கிடத்த நேரிடும்.

— எலும்பு அறுவை மருத்துவர், மதுரை