ஆல்ட்டோவில் ஓர் அல்சேஷன்

கிளிநொச்சி
வைகாசி, ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிவிட்டது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த நேரம், வயலுக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் பேனையைத் தொட முடியவில்லை. அம்மா சுகம். உன் முழங்கால் நோவைச் சொன்னேன், நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசச் சொன்னார். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும்போது உன் பெயருக்கும் நேர்த்தி வைக்கிறாராம். இங்கே சோளகம் தொடங்கிவிட்டது. கதவைத் திறந்தால் புழுதி, பூட்டினால் வெக்கை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மகள் லாப்ரடோர் கேட்கிறாள், வீட்டில் இடம் இருக்கிறது, கார்தான் சின்னது, அதை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய நாயை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்று எழுதியிருந்தாய். நான் என் அல்சேஷன் நாய் ரைகரைச் சின்ன ஆல்ட்டோக் காரில் பேராதனைக்குக் கொண்டுபோன கதையையும் விவரமாகக் கேட்டிருந்தாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கு. காரைக் காரணம் காட்டி அந்தப் பிள்ளையின் ஆசையை மறுக்காதே.

ரைகருக்கு இப்போது மூன்று வயது. பேராதனைக்குப் போகும்போது 38 கிலோ. நின்றால் முதுகு என் தொடைக்கு மேலே வரும். மாசி மாதம் போலப் பின்னங்கால்களை இழுத்து வைக்கத் தொடங்கினான். காலையில் எழும்பும்போது முதலில் முன்னங்கால்களை ஊன்றி, கொஞ்சம் பொறுத்து, பிறகுதான் பின்பக்கத்தைத் தூக்குவான். இங்குள்ள மிருக வைத்தியர் தடவிப் பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டில் கோளாறு இருக்கலாம், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையில் மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது என்றார். கண்டி வீதியில் 250 கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். வான் பிடிக்கலாம் என்றால், நாய்க்கு என்றதும் ஒருவர் மாட்டேன் என்றார், இன்னொருவர் இரண்டு மடங்கு வாடகை கேட்டார். மிஞ்சியது நம் ஆல்ட்டோதான். அதன் அகலம் உனக்குத் தெரியுமே, பின் சீற்றில் மூன்று பேர் இருந்தால் ஒருவர் கையை மற்றவர் மடியில்தான் வைக்க வேண்டும்.

முதலில் அளந்தேன். ரைகர் பக்கவாட்டில் படுத்திருக்கும்போது மூக்கிலிருந்து வாலடி வரை ஓர் அளவு, உட்கார்ந்திருக்கும்போது காதுவரை இன்னோர் அளவு. பிறகு காருக்குள் அளந்தேன். நீளம் காணும் மச்சான், இடைஞ்சல் எல்லாம் முன் சீற்றுக்கும் பின் சீற்றுக்கும் நடுவே கால் வைக்கிற பள்ளத்தில்தான். பிரேக் பிடித்தால் நாய் அதற்குள்தான் விழும், விழுந்தால் எழும்ப இடமில்லை. எங்கள் ஒழுங்கைத் தச்சரிடம் சொல்லி அந்தப் பள்ளத்தில் வைக்க இரண்டு மரப்பெட்டி செய்வித்தேன். பெட்டி சீற்றின் உயரத்துக்கு நிற்கும். அதன் மேலும் சீற்றின் மேலும் சேர்த்து ஒரே பலகை, பலகைக்கு மேலே பழைய பஞ்சு மெத்தை, அதற்கு மேல் வழுக்காமல் சாக்கு. பெட்டிகளுக்குள் தண்ணீர்ப் போத்தல், அவனுடைய கோப்பை, பழைய துவாய், ஊசி போட்ட அட்டை எல்லாம் அடங்கிவிட்டன. முன் சீற்றைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவன் அதில் படுக்கலாம், உட்காரலாம், எழுந்து நிற்க முடியாது. அதுவும் நல்லதே. நின்றுகொண்டு வருகிற நாய்தான் வளைவில் சரிந்து அடிபடும்.

அடுத்தது பட்டி. கழுத்துப் பட்டியில் கட்டிக் காரில் ஏற்றாதே. சடுதியாகப் பிரேக் பிடித்தால் உடம்பின் பாரம் முழுக்கக் கழுத்தில் வந்து விழும். மார்பையும் தோளையும் சுற்றிப் பிடிக்கிற பட்டி வாங்கி, அதைக் கட்டையான ஒரு வாரால் சீற் பெல்ற்றோடு கொழுவ வேண்டும். படுத்து எழும்ப மட்டும் நீளம் போதும். முன் சீற்றில் இருத்துகிற எண்ணமே வேண்டாம். உன் காரில் காற்றுப்பை இருக்கும், அது வெடித்து விரிந்தால் நாய் தாங்காது.

இதையெல்லாம் செய்து முடித்த பிறகும் உடனே புறப்படவில்லை. மூன்று கிழமை பழக்கினேன். முதல் நாலைந்து நாள் முற்றத்தில் நிற்கிற காருக்குள் ஏற்றி, கதவைத் திறந்தபடி விட்டு, பக்கத்தில் நானும் இருந்தேன். அதற்குப் பிறகு இயந்திரத்தை ஓடவிட்டு நிற்கவைத்தேன். பிறகு சந்திவரை ஒரு சுற்று. அப்புறம் பின்னேரங்களில் இரணைமடுக் குளக்கட்டு. அதுதான் அவனுக்குப் பிடித்துப்போனது. காரில் ஏறினால் முடிவில் குளத்துக் காற்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு, திறப்புச் சத்தம் கேட்டாலே கதவடியில் போய் நிற்பான். தண்ணீரில் மட்டும் இறங்க விடுவதில்லை, முதலை இருக்கிறது. முதல்தரம் ஓடியபோது வாயால் நீர் வடித்து, உதட்டை நக்கி நக்கி, கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான். நித்திரைத் தூக்கம் என்று நினைத்தேன். இரண்டாவது திருப்பத்தில் சத்தி எடுத்தான். அந்த மூன்று குறியையும் நினைவில் வைத்துக்கொள், கண்டவுடனே நிறுத்தி இறக்கி நடக்கவிட்டால் அடங்கிவிடும். உன் மகளிடமும் சொல்: குட்டியாக இருக்கும்போதே காரைப் பழக்கினால் பிறகு கரைச்சல் இல்லை.

ஏற்றுவதற்குத்தான் எனக்கு முதுகு போனது. இடுப்பு நோவுள்ள நாயைப் பாயவிடக் கூடாது, இறங்கும்போது பாய்வது அதைவிடக் கெடுதல். நீளப் பலகை ஒன்றில் சாக்கு அடித்துச் சரிவாக வைத்துப் பார்த்தேன், வீட்டில் அது சரிவந்தது. வழியில் அதைக் கொண்டுபோக இடமில்லாததால் தூக்கித்தான் ஏற்றினேன். ஒரு கை மார்புக்குக் கீழே, மற்றக் கை பின் தொடைகளுக்குப் பின்னால். அதிகாலை இரண்டு மணி, முற்றத்தில் இருட்டு, அவனைத் தூக்கியபோது தலையை என் தோளுக்கு மேலால் நீட்டிப் பின்பக்கம் பார்த்தான். மச்சான், அந்த நேரத்தில் எனக்கு உன் பழைய நாய் வீமன்தான் ஞாபகத்துக்கு வந்தது.

1996 ஆடிக் கடைசி. நமக்குப் பதினாலு வயது. போர் நெருங்கி, ஷெல் விழத் தொடங்கி ஊர் முழுக்க அக்கராயன் பக்கம் நடக்கிறது. எங்கள் நாய் கறுப்பனை நான் கட்டவிழ்த்துவிட்டு, பானையில் கிடந்த சோற்றை வாழையிலையில் கொட்டி வைத்துவிட்டு வந்தேன். எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள், அதிலே ஆச்சி. உங்களிடமும் ஒன்றுதான். நீ கரியலில் உரப்பையைக் கட்டி, அதற்குள் வீமனைக் கழுத்தளவுக்கு இறக்கி வைத்தாய். அரிசி வைக்கிற இடத்தில் நாயா என்று உன் அப்பா ஏசினார். நீ ஒன்றும் பேசவில்லை. அரிசிப் பையை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு உருட்டினாய். நான் உன் பின்னால் நடந்து வந்தேன். ஸ்கந்தபுரம் போய்ச் சேரும்வரை வீமனின் முகம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது வீடே இல்லை, கறுப்பனை யாரிடம் கேட்பது? உன்னிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை. சைக்கிள் கரியலில் நாயைக் கொண்டுபோனவன் நீ. இப்போது கார் சின்னது என்று எழுதுகிறாய்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். மயக்க மருந்துக்கு வெறுவயிறாக இருக்க வேண்டும் என்பதால் முதல்நாள் பொழுதுபடவே சாப்பாட்டை முடித்துவிட்டேன். மருந்து இல்லாவிட்டாலும் ஓடுவதற்கு மூன்று நாலு மணித்தியாலத்துக்கு முன் வயிறு நிறையக் கொடுக்காமல் இருப்பதுதான் நல்லது. முறிகண்டியில் நிறுத்தினோம். பிள்ளையாரடியில் நிற்காமல் நம் ஊர் வாகனம் போகுமா? கூட வந்த என் மூத்த மகன் இறங்கிக் கற்பூரம் கொளுத்தினான். அந்த நேரத்துக்கும் ஒரு கச்சான்கார அம்மா இருந்தார். யன்னலால் நீட்டிய தலையைப் பார்த்து முதலில் பின்வாங்கினார், பிறகு உரித்த கச்சான் இரண்டு தந்தார்.

மாங்குளம் தாண்டிக் கனகராயன்குளத்துக்கு முன்னால் நடுவீதியில் மாடுகள். இரவில் தாரின் சூட்டுக்கு வந்து படுத்துவிடும், கறுப்பு மாடென்றால் கிட்டப் போகும்வரை தெரியாது. அடித்துப் பிரேக் பிடித்தேன். பின்னால் பலகை ஒருதரம் இடித்தது, ரைகர் முன்னுக்கு வந்து வாரில் தொங்கி நின்றான். அந்த வார் இல்லாவிட்டால் அவன் முன் சீற்றின் முதுகை உடைத்துக்கொண்டு மகன் மேல் வந்திருப்பான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதன் பிறகு ஓமந்தைவரை மெதுவாகத்தான் ஓடினேன். 2002 இல் போர் நிறுத்தத்தில் பாதை திறந்தபோது அங்கிருந்த சோதனைச் சாவடியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பைகளை விரித்துக் காட்டி, வரிசையில் நின்றோமே. இப்போது அந்த இடத்தைக் கடப்பதே தெரிவதில்லை.

தம்புள்ளையில் குரங்குகளைக் கண்டு ஊளையிட்டான், மாத்தளைக்குப் பிறகு வளைவுகளில் இரண்டுதரம் இறக்கி நடத்தினோம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் நிறுத்துவது என்று வைத்திருந்தோம், ஒவ்வொருதரமும் பட்டியைக் கையில் பிடித்த பிறகுதான் கதவைத் திறந்தோம். பேராதனையில் நன்றாகப் பார்த்தார்கள். தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தவில்லை. பரம்பரையாக வருகிற கோளாறு, அல்சேஷனிலும் லாப்ரடோரிலும் அதிகம். நீ குட்டி வாங்கும்போது தாய் தகப்பனின் இடுப்பைப் பரிசோதித்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்கு. ரைகருக்கு இது ஆரம்ப நிலைதான். மூன்று கிலோ குறைக்க வேண்டும், அளவாக நடக்க வேண்டும், நோவுக்குக் குளிசை.

இனிச் சொல்வதை நன்றாகக் கேள். அன்றிரவு கட்டுகஸ்தோட்டையில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, அடுத்தநாள் புறப்படப் பிந்திவிட்டது. வவுனியாவுக்கு வரும்போது உச்சி வெயில். நான் குளிசை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். மகன் கழிப்பறைக்கு இறங்கிவிட்டான். யன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்துவிட்டுத்தான் போனோம். கடையில் ஆட்கள் நின்றார்கள், பத்து நிமிடம் ஆகியிருக்கும். வந்து கதவைத் திறந்தபோது காருக்குள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. ரைகரின் நாக்கு அகன்று கடுஞ்சிவப்பாகத் தொங்கியது, எச்சில் பசைபோல் ஒழுகியது, கூப்பிட்டதற்கு என்னைப் பார்க்கவில்லை. தூக்கி வேம்பின் நிழலில் கிடத்தினேன். தேத்தண்ணிக் கடைக்காரர் கேட்காமலே ஒரு வாளி தண்ணீர் கொண்டு ஓடிவந்தார். வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாவற்றிலும் ஊற்றி, மட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறினோம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தோம். உடனே அங்குள்ள மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். தண்ணீர் ஊற்றின பிறகும் அவன் உடம்புச் சூடு 40 பாகைக்கு மேலே நின்றது. நாய்க்கு 38, 39 தான் சரியான சூடு. 41 ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும், நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான். மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும், அடைத்த காரில் இரைக்கிற மூச்சும் சூடாகவே திரும்பி வருகிறது. யன்னலை இரண்டு விரல் திறந்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. குளிர் நாடு என்று நீ அசட்டையாக இருந்துவிடாதே. உங்கள் கோடையில் வெளியே 24 பாகை என்றால், அரை மணித்தியாலத்தில் பூட்டிய காருக்குள் 40 ஐத் தாண்டிவிடும். கடைக்குப் போனால் ஒருவர் நாயோடு வெளியே நிற்க வேண்டும். ஒருவர்தான் போகிறீர்கள் என்றால் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போ.

மூன்று மணிக்கு மேல் வெயில் சரிந்த பிறகே அங்கிருந்து வெளிக்கிட்டோம். வெயில் விழுகிற பக்கத்துக் கண்ணாடிக்கு அம்மாவின் பழைய பருத்திச் சேலையை நனைத்துத் தொங்கவிட்டு, ஏ.சி.யை முழுதாய் வைத்து வந்தோம். புளியங்குளம் கழியத்தான் தலையை நிமிர்த்தி என் காதுக்குப் பின்னால் மூச்சு விட்டான். எனக்கு அப்போதுதான் கை நடுக்கம் நின்றது.

இப்போது 36 கிலோவுக்கு வந்துவிட்டான். சோற்றைக் குறைத்ததற்கு அம்மா என்னோடு கோபம், நான் பார்க்காத நேரத்தில் பாண் துண்டு போடுகிறார் என்று சந்தேகம். பலகையையும் பெட்டிகளையும் நான் காரிலிருந்து கழற்றவே இல்லை.

ஆவணியில் வருவதாக எழுதியிருக்கிறாய். பலாலி விமான நிலையத்தில் இறங்கினால் என்ன, கொழும்பிலிருந்து ரயிலில் வந்தால் என்ன, நான் ஆல்ட்டோவில்தான் வருவேன், ரைகரும் வருவான். உன் முழங்காலுக்கு முன் சீற் வசதி, அதை உனக்கே வைத்திருக்கிறேன். மகள் பின்னால் பலகையில் அவனோடு இருக்கட்டும். ஒரு பின்னேரம் அக்கராயன் பாதையால் ஸ்கந்தபுரம்வரை ஓடிவிட்டு வருவோம்.

தங்கச்சிக்கும் பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்லு. குட்டி வாங்கியதும் படம் அனுப்பு.

உன்,
மச்சான்

பி.கு.: பெட்டி அடிக்கும்போது மூலைகளை உருட்டி உளியால் வழிக்கச் சொல். எங்கள் தச்சர் முதலில் கூராக விட்டுவிட்டார், சாக்கு இரண்டு நாளில் கிழிந்தது.