கோயில் மதிலைத் தேடி அணைக்கரைக்கும் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கங்கைகொண்ட சோழபுரம் பற்றிய தங்கள் பயணக் கட்டுரை கோயில் வாசலோடு நின்றுவிட்டது. அந்தக் கோயிலின் மீதிக் கதை தெற்கே சிறிது தூரத்தில், கொள்ளிடத்தின் நடுவே, அணைக்கரையில் இருக்கிறது.

1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அங்கே ஆற்றின் குறுக்கே கீழணையைக் கட்டியபோது கருங்கல் தேவைப்பட்டது. வண்டல் நிலத்தில் கல்லுக்கு எங்கே போவது? கோயிலின் திருமதிலைப் பெயர்த்தார்கள். தடுக்க வந்த ஊர்மக்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை என்று 1855-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று வருந்துகிறது.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்குக் காட்டன் மீது தீராத கோபம். சென்ற ஐப்பசியில் பேத்தியுடன் அணைக்கரைக்குப் போனேன். செம்பழுப்பாக வந்த புதுவெள்ளம் மதகுகளில் மோதி இரைந்தது. கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தெரிந்தது. "தாத்தா, இதில் கோயில் கல் எது?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைச் சொல்லும் பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

வடகரையில் வடவாறு பிரியும் இடத்தில் வெகுநேரம் நின்றோம். அந்தத் தண்ணீர்தான் வீராணம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து 2004 முதல் குழாய் வழியே சென்னைக்கும் போகிறது. வீராணம் முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. இராசேந்திரன் எழுப்பிய கோயிலின் கல், அவன் முன்னோன் வெட்டிய ஏரிக்கு நீர் திருப்பிவிடுகிறது! என் கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதி இன்னும் இருக்கிறது. மதிலை இழந்தவர்களுக்குக் கொடுத்த வாக்கு வாக்குதானே.

ஆனால் கவலை கூடிவிட்டது. அதே காட்டன் அதே காலத்தில் முக்கொம்பில் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. கீழணையின் மேல் செல்லும் குறுகிய பாலத்திலும் வலுவில்லை என்று முன்பே கனரக வண்டிகளைத் தடுத்தார்கள். விரிசல் விழுந்த பிறகு ஓடிவராமல், ஆண்டுதோறும் கோடையில் நீர் வற்றும்போதே அடித்தளத்தைப் பார்த்துச் செப்பனிட வேண்டும். அப்போதே தொல்லியல் துறையினரும் இறங்கி, கோயில் கற்கள் எவை, எழுத்துப் பொறித்தவை ஏதும் உண்டா என்று தேடிக் குறித்துவைக்கலாம்.

தங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை அணைக்கரையிலும் இறங்கி, பாலத்தை நடந்தே கடந்து எழுத வேண்டும். காலையில் வந்தால் வடவாற்றுத் தலைமதகு வரை வெயில் படாமல் போய்வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்.