‘தோல்வி மன்னன்’ ரோஜர் கிரெய்க்: ஆசிரியருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் ‘தோல்வி மன்னர்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். ஓட்டப்பந்தயக்காரர், குத்துச்சண்டைக்காரர் என்று வரிசையாகப் போய், நடுவில் ரோஜர் கிரெய்க். “ஒரே சீசனில் 24 ஆட்டங்களைத் தோற்று, அடுத்த சீசனிலும் திருந்தாமல் 22 ஆட்டங்களைத் தோற்ற பேஸ்பால் பிட்சர்.” அவ்வளவுதான். 93 வயது வரை வாழ்ந்த ஒருவரின் கதையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ‘திருந்தாமல்’ என்று எழுதிய அந்தக் கை நன்றாக இருக்கட்டும்.

எண்கள் சரிதான், மறுக்கவில்லை. பேஸ்பாலில் அணி தோற்றால், அந்தத் தோல்வியைப் பந்து வீசிய ஒரு பிட்சரின் பெயரில்தான் எழுதுவார்கள். 1962-ல் 10 வெற்றி, 24 தோல்வி. 1963-ல் 5 வெற்றி, 22 தோல்வி. ஆனால் அந்த இரண்டு வருஷமும் அவர் எந்த அணிக்கு வீசினார் என்பது தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நியூயார்க் மெட்ஸ். அப்போதுதான் பிறந்த அணி. மற்ற அணிகள் கழித்துக்கட்டியவர்களைப் பொறுக்கிச் சேர்த்த கூட்டம். 1962-ல் 40 வெற்றி, 120 தோல்வி. அந்த அணியின் வரலாற்றில் முதல் பந்தை வீசியவரே கிரெய்க்தான். அடுத்த வருஷம் தொடர்ந்து 18 ஆட்டங்களில் அவர் பெயருக்கு எதிரே தோல்வி விழுந்தது. அந்த சீசனில் 1-0 என்ற கணக்கில் மட்டும் ஐந்து முறை! எதிராளிக்கு ஒரே ஒரு ரன் கொடுத்துவிட்டு, தன் ஆட்கள் ஒன்றுமே அடிக்காததால் தோற்ற ஒருவர் எதில் திருந்த வேண்டும் என்று தங்கள் உதவி ஆசிரியர் எதிர்பார்க்கிறார்? மட்டையையும் அவரே பிடித்திருக்க வேண்டுமோ? கடைசியில் பாவம், 38-ஆம் எண் சட்டையைக் கழற்றிவிட்டு 13-ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டு இறங்கினார். சக ஆட்டக்காரர் ஜிம் ஹிக்மன் ஒரே அடியில் நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் அடித்து அந்தச் சனியனை ஓட்டினார்.

இது எனக்குப் புதிதல்ல. நான் வேலை பார்த்த சிப் கம்பெனியிலும் இதே நியாயம்தான். சரக்கு பழுதாகித் திரும்பி வந்தால், வடிவமைத்தவனையும் கேட்க மாட்டார்கள், அவசரப்படுத்தியவனையும் கேட்க மாட்டார்கள். சோதனைத் தாளில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவன் பெயர்தான் மேலிடத்துக்குப் போகும். பல வருஷம் அந்தக் கையெழுத்து என்னுடையது.

அது கிடக்கட்டும். கிரெய்க் மெட்ஸில் பிறந்து மெட்ஸில் செத்தவரா? 1955-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குப் புதுப்பையனாக வந்து, நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான வேர்ல்ட் சீரிஸில் (சாம்பியன் பட்டத்துக்கான இறுதித் தொடர்) ஐந்தாவது ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவர். புரூக்ளின் மொத்தமாக வாங்கியதே அந்த ஒரு பட்டம்தான். 1959-ல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸோடு இன்னொரு பட்டம். 1964-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். அந்த வருஷ வேர்ல்ட் சீரிஸின் நான்காவது ஆட்டம், முதல் இன்னிங்ஸிலேயே யாங்கீஸ் மூன்று ரன் எடுத்தது. ஒரே ஒருவரை மட்டும் அவுட்டாக்கிய நிலையில் பந்து கிரெய்க் கைக்கு வந்தது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஐந்து இன்னிங்ஸுக்குக் கொஞ்சம் குறைவாக வீசினார், அவர் கணக்கில் ஒரு ரன்கூட ஏறவில்லை, எட்டு ஸ்ட்ரைக்கவுட் (மட்டைக்காரனை அடிக்கவிடாமலேயே அவுட்டாக்குவது). ரன்னுக்காக ஓடுகிறவர் நிற்கும் இரண்டாவது பேஸில் கொஞ்சம் அசந்து நின்ற யாங்கீஸ் நட்சத்திரம் மிக்கி மேன்டிலையே திரும்பி எறிந்து அவுட்டாக்கினார். கார்டினல்ஸ் 4-3 என்று ஜெயித்தது, அந்த வருஷப் பட்டமும் அவர்களுக்கே. ‘தோல்வி மன்னன்’!

ஆடி முடித்த பிறகுதான் மனிதர் உண்மையில் தொடங்கினார். சான் டியாகோ, ஹூஸ்டன் என்று பிட்சர்களுக்குக் கோச்சாக இருந்தார். 1978-ல் சான் டியாகோ பாட்ரெஸுக்கு மேனேஜர், அதாவது களத்தில் அணியை நடத்துகிறவர். தோல்வியை விட வெற்றி அதிகம் என்ற கணக்கை அந்த அணி முதன்முதலாகப் பார்த்தது அந்த வருஷம்தான். அடுத்த வருஷ முடிவிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு டெட்ராய்ட் டைகர்ஸின் பிட்சிங் கோச், 1984-ல் அங்கேயும் பட்டம். டைகர்ஸ் பிட்சர் ஜாக் மோரிஸ் கையில் ‘ஸ்பிளிட் ஃபிங்கர்’ பந்தைக் கொடுத்தவர் இவர்.

அந்தப் பந்தைத் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனாலும் எனக்குச் சான்ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் மைதானத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் காட்டிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பையிலிருந்து ஒரு பழைய பந்தை எடுத்தார். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் அகட்டி, தையலுக்கு வெளியே இரண்டு பக்கமும் வைத்து இடுக்கிக்கொண்டார். வீசுவது வேகப்பந்து வீசுகிற மாதிரியேதான். மட்டைக்காரன் வேகப்பந்து என்று நம்பிச் சுழற்றும்போது அது காலடியில் விழுந்திருக்கும். பெரியவர் விரல் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஜூலை மாதம்தான், ஆனால் வளைகுடாவிலிருந்து அடித்த காற்றில் ஹாட் டாக் சுற்றிய காகிதமெல்லாம் ஆடுகளத்தில் பறந்துகொண்டிருந்தது.

1985-ல் சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 100 ஆட்டம் தோற்றது. அந்த சீசன் முடிகிற சமயத்தில்தான் கிரெய்க்கைக் கூப்பிட்டார்கள். அடுத்த வருஷம் 83 வெற்றி, 1987-ல் டிவிஷன் (பிரிவு) பட்டம், 1989-ல் வேர்ல்ட் சீரிஸ் வரை போனார்கள். நான் இந்தப் பக்கம் வேலைக்கு வந்த புதிது. பேஸ்பாலே எனக்கு அவர் அணியைப் பார்த்துத்தான் புரிந்தது. எதிரணி ஆள் எந்தப் பந்தில் அடுத்த பேஸுக்கு ஓடுவான் என்று மோப்பம் பிடித்து, அவனைப் பிடிப்பதற்காக அந்தப் பந்தை மட்டைக்கு எட்டாமல் வெளியே வீசச் சொல்லுவார். எப்படித்தான் தெரியுமோ!

வேடிக்கை ஒன்றும் உண்டு. டெட்ராய்டை விட்டு வந்து சும்மா இருந்த குளிர்காலத்தில், ஹூஸ்டன் அணியின் பிட்சர் மைக் ஸ்காட் இவரிடம் வந்து அதே பந்தைக் கற்றுக்கொண்டு போனார். 1986 செப்டம்பர் 25 அன்று அதே ஸ்காட், ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து பேஸுக்குப் போய்ச் சேருவது) கொடுக்காமல் கிரெய்க்கின் ஜயன்ட்ஸையே சுருட்டினார். பஸ்மாசுரன் கதைதான். ஸ்காட் பந்தைச் சுரண்டி ஏமாற்றுகிறார் என்று குரு புகார் சொன்னதும் உண்டு; அதை நான் மறைக்கவில்லை.

1989 என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த வேர்ல்ட் சீரிஸின்போது இந்தப் பக்கம் வந்த நிலநடுக்கத்தைப் பற்றி முன்பு தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் “ஆட்டத்தின் நடுவே மைதானம் குலுங்கியது” என்று இருந்தது. அக்டோபர் 17 அன்று ஆட்டம் தொடங்கவே இல்லை. நான் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தவன். படம் போனது, பிறகு அலமாரிப் பாத்திரமெல்லாம் கீழே வந்தது. அதை எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. அதற்கு முந்திய என் கடிதத்தை இரண்டு வரியாக நறுக்கி, நகைக்கடை விளம்பரத்தின் காலடியில் போட்டிருந்தீர்கள். 2023 ஜூனில் கிரெய்க் காலமானபோது ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினேன். ஒரு வரி வரவில்லை. அந்த இதழில் ஒரு நடிகர் வாங்கிய புது வீட்டின் சமையலறைக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நல்ல சமையலறைதான். இறந்தபோது இடம் இல்லாத மனிதருக்கு, சிரிப்பதற்கென்றால் மட்டும் இடம் கிடைக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. மேனேஜராக கிரெய்க்கின் மொத்தக் கணக்கு 738 வெற்றி, 737 தோல்வி. ஒன்று கூடுதல். ஆட்டக்காரராக மூன்று, கோச்சாக ஒன்று என நான்கு வேர்ல்ட் சீரிஸ் பட்டங்கள். இவ்வளவையும் அதே விளையாட்டுப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு சிறு கட்டம் போட்டு வெளியிடுங்கள். வருத்தமெல்லாம் தெரிவிக்க வேண்டாம், அது தங்கள் வழக்கமில்லை என்று அறிவேன். இந்தக் கடிதத்தை நறுக்குவதாக இருந்தால் வெளியிடவே வேண்டாம். கட்டம் மட்டும் போதும்.

சந்தா டிசம்பரில் முடிகிறது. நினைவூட்டல் கடிதம் மட்டும் தங்களிடமிருந்து ஒருமுறைகூடத் தவறியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் சந்தாதாரர்,
சான் ஹோசே, கலிஃபோர்னியா