பச்சை ஸ்ரிக்கர் ஒட்டிய சாமான்கள்

ஸ்காபரோ, கனடா
ஜூன், ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நேற்றுச் சனிக்கிழமை எங்கள் தெருவில் ஆறு வீட்டுப் பெற்றோர் சேர்ந்து, பழைய சாமான்களைக் கராஜ் வாசலில் பரப்பி விற்கும் கராஜ் சேல் ஒன்றை நடத்தி முடித்தோம். உன்னுடைய சாமான்களும் அதில் விலைப்பட்டிருப்பதால், எது போனது, எது மிஞ்சியது என்று நீ தொலைபேசியில் அவசரமாகக் கேட்க நான் அரைகுறையாகச் சொல்வதைவிட, ஆறுதலாக இருந்து எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தேன்.

யோசனை என்னுடையதல்ல. மூலை வீட்டுப் பிலிப்பைன்ஸ் அம்மாவை உனக்கு மறந்திருக்காது. மழை நாட்களில் பள்ளிக்கூட பஸ் வரும்வரை உங்கள் எல்லோரையும் தன் கராஜுக்குள் நிறுத்தி வைத்திருந்தவர். அந்த பஸ்ஸுக்காகக் காத்து நின்ற பிள்ளைகளில் ஒருவர்கூட இப்போது இந்தத் தெருவில் இல்லை என்றும், அவர்களுடைய சாமான்கள் மட்டும் ஆறு பேஸ்மென்ற்றுகளிலும் வாடகை கொடாமல் குடியிருக்கின்றன என்றும் அவர்தான் சொன்னார். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் போவதற்கே நான் உன் பெட்டிகளைத் தாண்டித்தான் போகிறேன்.

விலை போட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. உன்னுடைய ஸ்கேற்சுக்கு நான் 25 டொலர் என்று எழுதினேன். எதிர்வீட்டுச் சீன ஐயா தம் மகனின் வயலினுக்கு எழுதியிருந்த தொகையைப் பார்த்தபோது, எட்டு வருடம் கட்டிய வகுப்புக் கட்டணத்தையும் அவர் அதோடு சேர்த்துவிட்டார் என்றே தோன்றியது. ஒவ்வொரு வீட்டிலும் இதே கதைதான். கடைசியில் பிலிப்பைன்ஸ் அம்மா ஒரு வழி சொன்னார்: சீட்டுக் குலுக்கி, ஒரு வீட்டுச் சாமானுக்கு இன்னொரு வீட்டார் விலை போட வேண்டும், சொந்தக்காரர் அந்த நேரத்தில் வாய் திறக்கக் கூடாது. எங்கள் வீடு அவருக்கும், வயலின் வீடு எனக்கும் விழுந்தன. உன் ஸ்கேற்சை அவர் இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு 4 டொலர் என்று ஒட்டினார். அன்று இரவு முழுவதும் நான் அவரோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அப்பா, அந்த ஸ்கேற்சை நாங்களே யாரோ ஒருவருடைய கராஜ் சேலில் 5 டொலருக்கு வாங்கினோம் என்பதை நினைவூட்டினார்.

அது உண்மைதான். அப்பா 1991இல் வந்து இறங்கிய முதல் குளிர்காலத்துக் கோட்டும், நீ இருந்து படித்த மேசையும் இப்படி வந்தவையே. நீ எட்டாம் வகுப்பில் படிக்கும்போது, அந்த மேசை எங்கிருந்து வந்தது என்று சிநேகிதிகளிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாய். நேற்று அது 15 டொலருக்குப் போனபோது, வாங்கிய இளம் தம்பதியிடம் நான் அதை மறைக்கவில்லை.

எல்லாவற்றையும் விற்க முடியாது என்பதையும் இம்முறைதான் சரியாகத் தெரிந்துகொண்டேன். பேரப்பிள்ளைக்கு உதவும் என்று நான் பத்திரமாக வைத்திருந்த உன் நடைவண்டியை, அந்தச் சில்லு வைத்த வோக்கரை, இந்த நாட்டில் 2004 ஏப்ரலில் இருந்து விற்கவே கூடாது. கடைக்கு உள்ள தடைதான் கராஜ் வாசலுக்கும். பக்கத் தடுப்பு கீழே இறங்குகிற தொட்டிலுக்கும் 2016 டிசம்பரில் இருந்து தடை இருக்கிறது. குழந்தையைக் காரில் வைக்கும் இருக்கையின் அடியில் பாவனை முடியும் திகதி அச்சிட்டிருக்கும், அதுவும் எப்போதோ கடந்துவிட்டது. சும்மா கொடுத்தால் என்ன என்று நான் கேட்டேன். விற்பதும் கொடுப்பதும் சட்டத்துக்கு ஒன்றுதான் என்று வயலின் வீட்டு ஐயா விளக்கியதோடு நிற்காமல், ஒருவரும் எடுத்துப் பாவிக்காதபடி சில்லுகளைக் கழற்றி உடைத்துத்தான் எறிய வேண்டும் என்று சுத்தியலும் கொண்டுவந்தார். அந்த வேலையை அப்பாவிடம் விட்டுவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.

எட்டு மணிக்குத் தொடங்கும் என்று பலகையில் எழுதியிருந்தும், பழைய சாமான் வியாபாரிகள் ஏழு மணிக்கு முன்பே வான் வண்டிகளில் வந்து பெட்டிகளைக் கிளறினார்கள். வீட்டுக்கு ஒரு நிறமாக வட்ட ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தோம், எங்களுடையது பச்சை. விற்றதும் ஸ்ரிக்கரைப் பிய்த்து ஒரு கொப்பியில் அந்தந்த வீட்டுப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் மாலையில் கணக்குப் பிசகாது. கடை வைத்து ஓய்வுபெற்ற ஒருவர் மட்டும் பழக்க தோசத்தில் 2.99 என்று விலை எழுதியிருந்தார். 2013இலேயே ஒரு சதக் குற்றி விநியோகத்தை நிறுத்தியாயிற்று, மிச்சம் கொடுக்க அந்த ஒரு சதத்துக்கு எங்கே போவது என்று எல்லோரும் அவரைக் கேலி செய்தோம். எங்கள் ஆட்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாங்கும்போது ஒரு டொலருக்காகக் கால் மணித்தியாலம் பேரம் பேசுகிற நாங்கள், விற்கும்போது ஒருவர் முகம் சுருங்கினாலே பாதி விலைக்கு இறங்கிவிடுகிறோம்.

பத்து மணிபோல ஒரு விபரீதம் நடந்தது. நத்தார் அலங்காரப் பெட்டியில் இருந்து ஒரு வயதான வெள்ளைக்காரர் எதையோ எடுத்துக் குலுக்க, அந்தச் சத்தம் கேட்டு நான் வாசலில் இருந்து ஓடினேன். உன்னுடைய சலங்கை! அதை நத்தார் மணி என்று நினைத்துப் பிலிப்பைன்ஸ் அம்மா 2 டொலருக்கு ஒட்டியிருக்கிறார். அந்த வெள்ளைக்காரரோ காசைக் கொடுத்துவிட்டு, வாசல் கதவில் மாட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு நின்றார். அது காலில் கட்டுவது என்று சொல்லி விளங்கப்படுத்த, என் சேலையைச் சற்றே தூக்கி இரண்டு அடி வைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. தெருவே பார்த்தது. மனிதர் நல்லவர், நான் அலங்கார விளக்குச் சரம் இரண்டையும் இலவசமாகக் கொடுத்த பிறகு சலங்கையைத் திருப்பித் தந்தார்.

கடைசி ஒரு மணித்தியாலம், பை நிறைய எதை அள்ளினாலும் 2 டொலர் என்று அறிவித்தோம். அப்படியும் உன் கலைக்களஞ்சியத் தொகுதிகளை யாரும் தொடவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் புத்தகங்களை மட்டும் அடுத்த தெருவில் இருந்து வந்த ஒரு தாய் கண்டு கேட்டார். அவரிடம் நான் காசு வாங்கவில்லை. நீ மூன்றாம் பாடத்தில் எல்லாப் படங்களுக்கும் மீசை வரைந்திருப்பதையும் அவரிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.

பச்சை ஸ்ரிக்கர் கணக்கு 163 டொலர். பலகைக்கும் ஸ்ரிக்கருக்கும் எங்கள் பங்கு 5 டொலர் போக, மீதி 158 டொலரை நாளைக்கு உன் கணக்குக்கு அப்பா அனுப்புவார். சிவப்புப் பனிச்சறுக்குப் பலகை அதில் சேரவில்லை. விலை போட எடுத்த பிலிப்பைன்ஸ் அம்மா, அதில் தன் மகனும் நீயும் ஒன்றாக உருண்டு அவனுக்குப் பல் உடைந்த கதையைச் சொல்லி, தானே 5 டொலர் நீட்டினார். நான் காசை வாங்கவில்லை. பலகை இப்போது அவருடைய கராஜில், தன் பேரனுக்காகச் சுவரில் மாட்டியிருக்கிறது.

சலங்கையில் ஒரு பக்கத்து வார் அறுந்திருக்கிறது. தைப்பித்துக் கல்கரிக்கு அனுப்பவா, அல்லது நீ வரும்வரை இங்கேயே அலுமாரியில் இருக்கட்டுமா என்பதை மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா