புளிக்கும் மாவுக்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் வேண்டும்

உணவுக்கடைகளின் சுகாதாரச் சோதனையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் சின்னதாக ஓர் இட்லிக் கடை நடத்துகிறேன். உங்கள் விதிகளோடு எனக்குச் சண்டை இல்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவை வைக்கக் கூடாது என்கிறீர்கள். சாம்பார், சட்னி எல்லாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். சிக்கல் மாவில்தான்.

இட்லி மாவு உயிர் பிடிப்பதே அந்த நடுவில்தான். இரவு 9 மணிக்கு உப்புப் போட்டுக் கரைத்து அண்டாவில் மூடி வைத்தால், இந்த ஊர்ச் சூட்டுக்கு விடிகாலை 5 மணிக்குள் பொங்கி மூடியை முட்டும். லாக்டிக் அமிலக் கிருமிகள் புளிப்பை ஏற்ற ஏற்ற, கெடுதல் செய்யும் கிருமிகள் அடங்கிவிடும். இதெல்லாம் நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

போன மாதம் ஒரு தம்பி சோதனைக்கு வந்தார். மரியாதையான பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். வெப்பமானியை அண்டாவுக்குள் விட்டார். 30 டிகிரி. "இது ஏன் வெளியில் இருக்கிறது?" என்றார். "புளிக்கிறது" என்றேன். பதிவேட்டில் இருப்பது குளிர், சூடு என்று இரண்டே கட்டம். சில்லரில், அதாவது குளிர்பெட்டியில், வைக்கச் சொன்னார், வைத்தோம். காலையில் திறந்தால், மாவு ஊற்றிய மட்டத்திலேயே ஒரு குமிழி இல்லாமல் கிடந்தது. சமையல்கார அண்ணன் மனசு கேட்காமல் ஓர் ஈடு வேகவைத்தார். தட்டில் போட்டால் டொக்கென்று சத்தம். 12 கிலோ அரிசி மாவு. வேலைக்குப் போகிற அவசரத்தில் வந்தவர்களிடம் "இன்று இட்லி இல்லை" என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

அதற்கு முன்பு வந்தவரோ, "மூடி வைத்திருக்கிறீர்களா? சரி" என்று போய்விட்டார். இரண்டில் எது விதி? எழுத்தில் கொடுங்கள். எத்தனை மணி நேரம் வெளியில் இருக்கலாம், புளிப்பை எதைக் கொண்டு அளப்பது, எந்த அளவு வந்ததும் சில்லருக்குப் போக வேண்டும், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது. ஒரு பக்கம் போதும்.

ஆலோசகர் ஒருவரிடமும் போனேன். 600 வெள்ளி (டாலர்) வாங்கிக்கொண்டு அவர் கொடுத்த உணவுப் பாதுகாப்புத் திட்டம் முழுக்கக் கோழி சாண்ட்விச். அந்த இடத்தில் இட்லி என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். நல்லவேளை, கோழியை எடுத்துவிடச் சொன்னார்.

2026 ஜனவரியில் வந்த புதிய முறையில், ஒழுங்காக நடக்கும் கடைக்கு 3, 5, 10 ஆண்டு என்று உரிமம். சந்தோஷம். ஆனால் ஒரே அண்டா மாவு, பார்ப்பவரைப் பொறுத்துச் சரியாகவும் பிழையாகவும் ஆனால் 10 ஆண்டை எங்கே பிடிப்பது? இன்னொன்று. பண நோட்டில் தமிழ் இருக்கிறது, ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது. எங்கள் அண்ணன் பதிவேட்டில் "5 மணி, பொங்கியாச்சு" என்று எழுதினால் மட்டும் ஆங்கிலத்தில் திருப்பி எழுத வேண்டுமாம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது அந்த ஒரு பக்கம்தான். தமிழிலும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். எழுதும் முன் மாவைப் பார்க்க வேண்டுமென்றால் இரவு 9 மணிக்கு ஒரு தடவை, காலை 5 மணிக்கு ஒரு தடவை வாருங்கள். வெப்பமானியோடு புளிப்புப் பார்க்கும் தாளும் கொண்டுவந்தால் நல்லது.

இப்படிக்கு,
தேக்கா இட்லிக் கடைக்காரன்